கற்பூரம் காட்டாத லாரி

மாதத்தின் முதல் மூன்று வாரமும் கும்மிடிப்பூண்டி பம்பு கம்பெனிக்குள் நுழைந்தால் கல்யாணம் முடிந்த சத்திரத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். லேத்து ஓட்டுகிறவன் லேத்தின் மேல் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுவான். வார்ப்படப் பட்டறையில் உலை ஆறிக் கிடக்கும். ஸ்டோர்ஸ் கிளார்க் கதவைப் பூட்டிவிட்டு அதன் முன்னாலேயே நாற்காலி போட்டுத் தூங்குவான். கடைசி வாரம் பிறந்ததோ இல்லையோ, அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பேய் பிடித்துவிடும். இத்தனை பம்பு இந்த மாதம் கேட்டைத் தாண்டியாக வேண்டும் என்று மெட்ராஸில் உட்கார்ந்திருக்கிற முதலாளி ஓர் எண்ணிக்கை சொல்லியிருப்பார். மூன்று வாரம் அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்புறம் ஓடுவார்கள் பாருங்கள், அடேயப்பா!

அந்த ஓட்டத்துக்குப் பின்னால் நின்று விரட்டுவதுதான் ஜகந்நாதனின் உத்தியோகம். டெஸ்பாட்ச் சூப்பிரண்டு என்று பெயர். எந்தப் பட்டறையில் எந்த வேலை தேங்கி நிற்கிறதோ அங்கே போய் வாயில் வந்ததைச் சொல்லி அதை நகர்த்த வேண்டும். நகர்ந்ததைப் பெட்டியில் அடைத்து, ஈயச் சீல் வைத்து, லாரி ஏற்றி, சொன்ன தேதிக்குள் வெளியே அனுப்ப வேண்டும். அவர் அந்த நாற்காலிக்கு வந்ததிலிருந்து ஒரு மாதமும் எண்ணிக்கை தவறியதில்லை. ஆகையால் தான் இல்லாவிட்டால் கம்பெனியே இல்லை என்று அவருக்கு ஓர் எண்ணம். கம்பெனி இல்லாவிட்டால் கும்மிடிப்பூண்டியே இல்லை என்றும் சேர்த்து நினைத்துக்கொள்வார்.

மனுஷர் ஒருவரையும் மதித்ததில்லை. ஃபிட்டர்கள் எல்லாம் கழுதைகள். என்ஜினீயர்கள் படித்த கழுதைகள். திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயிலில் கைங்கர்யம் செய்கிற சொந்த அண்ணா ஸம்பத்குமாரையே 'மணியாட்டி' என்று சொல்கிற வாய் அது. லாரி டிரைவர்களுக்கோ அவரிடம் பெயரே கிடையாது. முகத்தைப் பார்த்துப் பேசினால் தன் கௌரவம் குறைந்துவிடும் என்று டயரைப் பார்த்துத்தான் பேசுவார்.

எண்ணிக்கை எப்படித் தவறாமல் இருந்தது என்று கேட்கிறீர்களா? அது ஒரு கேவலமான கதை. கம்பெனியில் எல்லாருக்கும் தெரிந்த, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத கதை. மாதக் கடைசி நாளும் பம்பு தயாராகவில்லை என்றால், வார்ப்படப் பட்டறையில் எரிந்து கழிந்த கறுப்பு மணலைச் சாக்கில் கட்டிப் பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். எடை சரியாக இருக்கும். லாரி கேட்டைத் தாண்டும். எல்லாம் போய்விட்டது என்று மெட்ராஸுக்குப் போன் போகும். லாரி எங்கே போகும்? ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிற பனந்தோப்புக்குப் பின்னால் போய் நிற்கும். மறுநாள் காலையில், மாதம் பிறந்ததும், பின்பக்க வழியாக உள்ளே திரும்பி வரும். மணலைக் கொட்டிவிட்டு, பம்பு என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கு நிஜமாக அனுப்புவார்கள். அதுவரை அங்கே காத்திருக்கிற விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதில் எது நிஜ லாரி, எது பனந்தோப்பு லாரி என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் ஜகந்நாதனின் பக்தி வேலை செய்தது. ஊருக்குக் கிளம்புகிற வண்டிக்கு முன்னால் கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்புவது கம்பெனி வழக்கம். பொய் லாரிக்குக் கற்பூரம் காட்ட அவர் மாட்டேன் என்றுவிட்டார். ஸ்வாமி விஷயத்தில் விளையாடக் கூடாதாம். முதலாளியை ஏமாற்றலாம், குடியானவனை ஏமாற்றலாம், கற்பூரத்தை ஏற்றி வைத்துக்கொண்டு மட்டும் ஏமாற்றக் கூடாதாம். எப்பேர்ப்பட்ட தர்மம் பாருங்கள்! ஆக, கற்பூரம் ஏற்றினால் வண்டி ஊருக்கு, ஏற்றாவிட்டால் பனந்தோப்புக்கு. வழக்கமாக வருகிற டிரைவர்கள் யாரும் சொல்லாமலேயே இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள்.

எமர்ஜென்சி வந்து ஒரு மாதம் ஆகியிருந்த ஆடி மாதம் அது. திருவாலங்காட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குடியானவர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்டிருந்த பம்புகள், மோட்டார் வந்து சேராததால், பாதி வேலையில் நின்றன. ஜூலையின் கடைசி நாள், வியாழக்கிழமை. ஜகந்நாதன் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. மணலைக் கட்டச் சொன்னார். பெட்டியின் மேல் அந்த ஊரின் பெயரைப் பெரிய எழுத்தில் மை பூசி எழுதச் சொன்னார். சீலைத் தானே வைத்தார். பொய்யைக் கூடச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. வழக்கமான டிரைவர்கள் எல்லாரும் காவடி எடுத்துக்கொண்டு திருத்தணிக்குப் போய்விட்டார்கள். லாரி புரோக்கர் பொன்னேரிப் பக்கத்திலிருந்து ஆதிநாராயணன் என்று ஒரு புது ஆளைப் பிடித்து அனுப்பியிருந்தான். நிலத்தை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவன். லோடு ஏறும்போது கூடவே நின்று கயிறு இழுத்துக் கட்டினான். அப்படி ஒரு டிரைவரைப் பார்த்து லோடு ஏற்றுகிறவர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

"இன்னா லோடு சார்?" என்று கேட்டான்.

"பம்பு," என்றார் ஜகந்நாதன், டயரிடம்.

"எந்த ஊருக்கு சார்?"

"பெட்டியில எழுதியிருக்கு. கண்ணு இருந்தா படிச்சுக்கோ."

ஆதிநாராயணன் எழுத்துக்கூட்டிப் படித்தான். அவன் முகம் மாறிப்போனது. "ஐயோ, அந்தப் பக்கம் சொர்ணவாரி நெல்லுப் பயிரு காஞ்சிக்கினு கெடக்குது சார். கதிரு பால் புடிக்கிற நேரம். இப்ப தண்ணி உட்டாத்தான் உண்டு, இல்லாங்காட்டி பதருதான். சார், பூஜை போடலயா?"

ஜகந்நாதன் அதற்குள் திரும்பி நடந்துகொண்டிருந்தார். பின்பக்கமாகக் கையை உதறினார், ஈ ஓட்டுகிற மாதிரி. அந்த உதறலில் எல்லாம் அடங்கிவிட்டது என்பது அவர் கணக்கு. புது டிரைவரிடம் புரோக்கர் சொல்லியிருப்பான் என்று அவர் நினைத்தார். சூப்பிரண்டு சார் சொல்லியிருப்பார் என்று லோடு ஏற்றினவர்கள் நினைத்தார்கள். புரோக்கருக்கோ அந்த வழக்கமே தெரியாது. ஆதிநாராயணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பூஜை போடாமல் வண்டியை எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. சீட்டுக்கு அடியில் வைத்திருந்த தன் சொந்தக் கற்பூரத்தை எடுத்து ஏற்றி, வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் லாரி உள்ளே திரும்பி வராததால் ஜகந்நாதன் பனந்தோப்புக்குப் போனார். அங்கே பனைமரம் இருந்தது, ஆப்பக்கடை ஞானம்மா இருந்தாள், லாரி இல்லை.

"இங்க வழக்கமா நிக்குமே, வண்டி எங்க?"

"நேத்து எந்த வண்டியும் நிக்கலியே சார். ஒண்ணு போச்சு. டிரைவர் கையக் காட்டிட்டு ஜோரா போய்க்கினே இருந்தாரு," என்றாள் ஞானம்மா, ஆப்பத்தைத் திருப்பிக்கொண்டே.

ஜகந்நாதன் மானேஜர் பாக்கியநாதனிடம் ஓடினார். பாக்கியநாதன் ஒரு தினுசான ஆள். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் மாதம் முழுவதும் சும்மா உட்கார்ந்திருப்பார். ஏதாவது தப்பு நடந்துவிட்டால் மட்டும் சுறுசுறுப்பாகிவிடுவார், யார் தலையில் போடலாம் என்று.

"மணலா போயிருக்கு? நம்ம சீலோடயா?" என்றார். "காலம் எப்பேர்ப்பட்ட காலம்னு தெரியுமில்ல? குடியானவன் போய்க் கலெக்டர்கிட்ட நின்னா, கேள்வி கேட்காம உள்ள தூக்கி வெச்சிடுவான். ஜகந்நாதன், பெட்டியைத் திறக்கறதுக்குள்ள திருப்பிக் கொண்டு வந்தா நீங்க டெஸ்பாட்ச் சூப்பிரண்டு. திறந்துட்டாங்கன்னா நீங்க யாரோ, நான் யாரோ."

இத்தனை வருஷம் லாரிகளை வெளியே விரட்டின மனுஷர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு லாரியை விரட்டிக்கொண்டு ஓடினார்.

பஸ்ஸில் உட்கார்ந்து அவர் தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டார். இந்த நாட்டில் எதுவும் நேரத்துக்குப் போய்ச் சேராது. லாரி டிரைவன் வழியில் எங்காவது படுத்துத் தூங்குவான். டயர் வெடிக்கும். செக்போஸ்ட்டில் நிறுத்துவார்கள். பெரியபாளையத்தில் ஆடி வெள்ளிக் கூட்டம் இருக்கிறது, அதில் ஒரு லாரி நகர முடியுமா? முடியவே கூடாது என்று அவர் பெருமாளை வேண்டிக்கொண்டார். லாரி தாமதமாகப் போக வேண்டும் என்று ஒரு டெஸ்பாட்ச் சூப்பிரண்டு பெருமாளை வேண்டிக்கொண்டது உலகத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பெரியபாளையத்தில் மாட்டிக்கொண்டது லாரி இல்லை, இவர்தான். வேப்பிலை கட்டிக்கொண்ட பெண்களும், கூழ்ப் பானைகளும், மாட்டு வண்டிகளுமாகச் சாலையே தெரியவில்லை. பஸ் ஆணி அடித்த மாதிரி நின்றது. "ஜனங்களைப் பார், வேலை வெட்டி இல்லாத ஜனங்கள்!" என்று பல்லைக் கடித்தார். லாரி முந்தின நாள் சாயங்காலமே காலிச் சாலையில் ஹாரன் கூட அடிக்காமல் போய்விட்டது அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு வழியாகத் திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார். திருவாலங்காட்டு ரயில் எப்போதும் போல லேட்டாகத்தான் வரும் என்று ஒரு காபி குடிக்கப் போனார். எமர்ஜென்சி காலத்து ரயில், சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன நேரத்துக்குப் போய்விட்டது. டம்ளரும் கையுமாக நின்று அதன் கடைசிப் பெட்டியைப் பார்த்தார். "தரித்திரம் பிடித்தவன்கள், இன்றைக்குத்தானா திருந்த வேண்டும்?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் காதில் விழும்படியே சொன்னார். அப்புறம் காவடிக்காரர்கள் நிரம்பி வழிந்த திருத்தணி பஸ்ஸில் ஏறி, மேலெல்லாம் மஞ்சளும் விபூதியுமாகக் கனகம்மாசத்திரத்தில் இறங்கி, மிச்ச தூரத்தை ஒரு பால்காரரின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து கடந்தார். வீரராகவப் பெருமாளுக்குச் சொந்தக்காரர், நெற்றியில் விபூதியோடு! அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஊர் எல்லையிலேயே பயிர் தெரிந்தது. கதிர் வெளியே வந்து, இலை நுனி கருகி நின்றது. ஜகந்நாதன் அதைப் பார்க்கவில்லை. அவர் கண் லாரியைத் தேடியது.

லாரி கோயில் ஆலமரத்தடியில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது. பெட்டிகளை இறக்கி வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் ஆதிநாராயணன், கழுத்தில் கதம்ப மாலையோடு. இவரைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தான்.

"சார்! நீங்களே வந்துட்டீங்களா? ராத்திரியே வந்து சேர்ந்துட்டேன் சார். வழியில எங்கியும் நிக்கல. பயிரு கண்ணு முன்னாடியே நின்னுக்கினு இருந்துச்சு சார், எப்படி நிக்கறது?"

அவனை அப்படியே அறைந்துவிடலாம் போல இருந்தது ஜகந்நாதனுக்கு. ஆனால் பெட்டிகளில் ஆணி அப்படியே இருந்தது. திறக்கவில்லை! போன உயிர் திரும்பி வந்தது.

சங்கத்துக்குத் தலைவி ஜானகியம்மாள். புருஷன் போன பிறகு நிலத்தைத் தானே பார்த்துக்கொள்கிற, பேச்சில் வளைவு சுளிவு இல்லாத பொம்பிளை. "வாங்க ஐயரே," என்றாள். "காலையில அம்மனுக்குப் பொங்கல் வெச்சிட்டு வர்றதுக்குள்ள ராவுகாலம் வந்துடுச்சு. போவட்டும்னு உக்காந்துகினு இருக்கோம்."

ஐயங்கார் என்று திருத்தலாமா என்று அந்த நேரத்திலும் ஒரு கணம் யோசித்தார். ஆபத்தான நேரத்திலும் அகம்பாவத்துக்கு இடம் ஒதுக்குகிற மனசு அது. அப்புறம், "அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. பெட்டி மாறி வந்துடுத்து. இது வேற ஊருக்குப் போக வேண்டியது. திருப்பி ஏத்தணும்," என்றார்.

"இல்ல சார்," என்றான் ஆதிநாராயணன், உதவி செய்கிற உற்சாகத்தில். "ஊரு பேரு எழுதியிருக்குது பாருங்க. நீங்கதானே சார் படிக்கச் சொன்னீங்க?"

சண்டாளன்! ஜகந்நாதன் அடுத்த பொய்யை எடுத்தார். "திறக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. இது கம்பெனி சீல். கம்பெனி என்ஜினீயர் வந்துதான் உடைக்கணும். நீங்களா உடைச்சா கேரண்டி போயிடும். அடுத்த வாரம் ஆளை அனுப்பறேன்." ஜனங்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். நம்ப வைக்க வேண்டுமே என்று குரலை உயர்த்தினார். "சீலை எல்லாரும் வந்து பாருங்கோ! தொட்டுப் பாருங்கோ. யாராவது கை வெச்சிருக்காளா? கம்பி அறுந்திருக்கா? இந்தச் சீல் என் கையால வெச்சது. வழியில எவனும் இதைத் தொட்டதில்லை. நல்லா பார்த்துக்கோங்கோ!"

ஊர் பார்த்தது. பெரியவர்கள் பார்த்தார்கள், பெண்கள் பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து ஈயத்தைத் தடவிப் பார்த்து, ஆமாம், அப்படியேதான் இருக்கிறது என்று தலையாட்டினார்கள். ஜகந்நாதனுக்குத் தன் சாமர்த்தியத்தின் மேலேயே ஆசை வந்தது. கழுதைகளை மேய்ப்பது ஒரு கலை என்று நினைத்துக்கொண்டார்.

ஜானகியம்மாள் கடைசியாக வந்து சீலைப் பார்த்தாள். வெயிலையும் அண்ணாந்து பார்த்தாள். "அடுத்த வாரம் பயிரு இருக்காது ஐயரே. கம்பெனி ஆளுதானே ஒடைக்கணும்? நீங்க கம்பெனி ஆளுதானே? உங்க சீலு, நீங்களே ஒடைங்க. ராவுகாலம் போயிடுச்சு," என்றாள்.

யாரோ கையில் கடப்பாரையைக் கொடுத்தார்கள். யாரோ கழுத்தில் மாலையைப் போட்டார்கள். நாதஸ்வரம் ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்ந்திருந்தது. ஜகந்நாதன் சுற்றிலும் பார்த்தார், ஓடுவதற்கு வழியில்லை. தான் வைத்த சீலைத் தானே அறுத்தார். பலகை பெயர்ந்தது. உள்ளே வைக்கோல். வைக்கோலுக்கு அடியில் சாக்கு. ஆதிநாராயணன் ஆசையோடு சாக்கைப் பிடித்து இழுத்தான். தையல் விட்டு, கறுப்பு மணல் அவன் காலடியில் கொட்டியது.

நாதஸ்வரம் பாதியில் நின்றது. அடுத்த பெட்டியையும் உடைத்தார்கள், அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் மணல்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். ஜானகியம்மாள் குனிந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். "எங்க ஆத்துல வெள்ளை மணலே கெடக்குதே ஐயரே," என்றாள். "இந்தக் கருப்பு மணலை எதுக்குப் பெட்டி போட்டு, சீலு வெச்சி, லாரியில அனுப்பிச்சீங்க?"

ஜகந்நாதன், "கம்பெனிக்குப் போன் பண்ணிட்டு வரேன்," என்றார்.

தபாலாபீஸ் ஆலமரத்துக்கு எதிரிலேயே இருந்தது. டிரங்க் கால் கிடைக்க அரை நாள் ஆகும், அதற்குள் ஏதாவது யோசிக்கலாம் என்று நம்பினார். போட்ட உடனே லைன் கிடைத்துவிட்டது. அன்றைக்கு எல்லாமே நேரத்துக்கு நடந்து அவர் கழுத்தை அறுத்தது.

"திறந்துட்டாங்களா?" என்றார் பாக்கியநாதன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. "அப்ப கேளுங்க. நாம பம்புதான் அனுப்பினோம். டிரைவர் வழியில வித்துட்டு மணலை ரொப்பிட்டான். புரியுதா? அந்த ஊர்க்காரங்க வாயாலயே டிரைவர் மேல சந்தேகம்னு சொல்ல வெச்சிட்டு, ரெண்டு பெரிய மனுஷங்களையும் கூட்டிக்கிட்டு சாயங்காலத்துக்குள்ள இங்க வாங்க. போலீஸ்ல கம்ப்ளெயின்ட் கொடுத்தாகணும். முதலாளி ஒரு பேரு கேட்பாரு. டிரைவர் பேரு, இல்லேன்னா உங்க பேரு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

லைன் சரியாகக் கேட்கவில்லை. ஜகந்நாதன் தொண்டை கிழியக் கத்தினார். "டிரைவர் மேலயா? டிரைவர் வித்துட்டான்னு சொல்லணுமா? சாயங்காலத்துக்குள்ளயா? ஆறு மணிக்கு அங்க இருப்பேன் சார்! என் பேரைப் போட்டுடாதீங்கோ சார்!"

வெளியே வரும்போது அவருக்குத் தெம்பாகவே இருந்தது. வழி கிடைத்துவிட்டதே! அந்த டிரைவனை நினைத்து ஒரு நிமிஷமாவது அவர் மனசு உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? சத்தியமாக இல்லை. அவனுக்கு இன்னொரு லாரி கிடைக்கும், தனக்கு இன்னொரு நாற்காலி கிடைக்குமா என்றுதான் ஓடியது. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஆலமரத்தடிக்கு வந்தார்.

"விசாரிச்சுட்டேன்," என்றார். "நாங்க அனுப்பினது பம்புதான். இந்தப் பயல்தான் ராத்திரி எங்கயோ கொண்டுபோய் வித்துட்டு மணலை ரொப்பியிருக்கான். நீங்க ரெண்டு பேர் எங்கூட வாங்கோ, போலீஸ்ல சொல்லிடலாம்."

ஆதிநாராயணன் பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சீலு?" என்றாள் ஜானகியம்மாள்.

"என்னது?"

"சீலு ஐயரே, சீலு. வழியில எவனும் தொட்டதில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? ஊரு பூரா தடவிப் பாத்தமே. இந்த ஆளு ரொப்பியிருந்தா, சீலு எப்படி முழுசா இருந்துச்சு?"

ஜகந்நாதனிடம் வேறு பொய் கைவசம் இல்லை. இத்தனை வருஷ சர்வீஸில் அது தீர்ந்துபோகும் என்று அவர் நினைத்ததே கிடையாது.

"அப்புறம், போன்ல நீங்க கத்துனது எங்க மாட்டுக்குக் கூட கேட்டுச்சு," என்று ஜானகியம்மாள் எழுந்தாள். "உங்களை அடிச்சா எங்க கைதான் நோவும். போங்க." அத்தோடு அவரை மறந்துவிட்டாள். ஆட்களைப் பார்த்துத் திரும்பினாள். "இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க? மாட்டை ஓட்டிக்கினு போய்க் கவலை ஏத்தம் கட்டுங்க. கெணத்துல இருக்கறதை எறைச்சி மேல் பாத்தியையாவது காப்பாத்தலாம். பெட்டிப் பலகை நல்லா இருக்குது, தூக்கிப் போடாதீங்க, கோழிக்கூண்டுக்கு ஆவும்."

ஊர் எழுந்து போய்விட்டது. குங்குமம் வைத்த பலகைகளும் கறுப்பு மணலும் கிடந்தன. எதிரே ஆதிநாராயணன் மட்டும் நின்றான். மாலையை எப்போதோ கழற்றிவிட்டிருந்தான்.

"எங்கியும் நிக்கலையே சார் நானு," என்றான் மெதுவாக. "நின்னிருக்கணும். இப்பதான் தெரியுது."

ஜகந்நாதனுக்கு அவன் சொன்னது காதில் ஏறவில்லை. சாயங்காலம் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது. ஆறு மணிக்குள் போய் பாக்கியநாதன் காலில் விழுந்தாவது, தன் பெயர் எழுதப்படுவதற்குள் தடுத்துவிட வேண்டும். முதலாளியிடம் அழலாம். புரோக்கர் பெயரைச் சொல்லலாம். நேரில் போய்விட்டால் ஏதாவது வழி பிறக்கும், போகாவிட்டால் தொலைந்தது. பஸ்ஸையும் ரயிலையும் இனி நம்ப முடியாது. எதிரில் லாரி நின்றது.

"ஆதிநாராயணா," என்றார். பெயர் எப்படி ஞாபகம் வந்ததோ! குரலில் தேன் சொட்டியது. "நடந்தது நடந்துபோச்சு. நான் உன்னை ஒண்ணும் விட்டுட மாட்டேன். என்னை ஆறு மணிக்குள்ள கும்மிடிப்பூண்டியில சேர்த்துடுப்பா. உன்னை மாதிரி நேரத்துக்கு ஓட்டறவன் யாரு இருக்கா?"

ஆதிநாராயணன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ஏறுங்க சார்," என்றான்.

காலி லாரி. ரோடும் காலியாகத்தான் இருந்தது. கிளம்பின வேகத்தைப் பார்த்து ஜகந்நாதனுக்கு நம்பிக்கை வந்தது. கனகம்மாசத்திரத்தில் வண்டி நின்றது. ஆதிநாராயணன் இறங்கிப் போய் ஒரு டீ சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்து, அதை நிதானமாகக் குடித்தான். பக்கத்தில் இருந்தவர் பேப்பரை வாங்கிப் படம் பார்த்தான். சரி, ராத்திரி தூங்காதவன், போகட்டும் என்று ஜகந்நாதன் பொறுத்துக்கொண்டார்.

நாலு மைல் போனதும் இன்னொரு டீக்கடை. வண்டி நின்றது. அங்கேயும் ஒரு டீ.

மணவாள நகர் வந்தது. மூன்றாவது தடவையாக வண்டி நின்றது. ஆதிநாராயணன் இறங்கி, கடைக்காரரிடம் ஊர் உலகம் எல்லாம் விசாரித்துவிட்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இன்னும் திருவள்ளூரே தாண்டவில்லை. ஜகந்நாதனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏம்பா, வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று கத்தினார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார். டீ நல்லா இருக்குது," என்றான் ஆதிநாராயணன். "இறங்கி வாங்க. உங்களுக்கும் ஒண்ணு சொல்லியிருக்கேன்."

ஜகந்நாதன் இறங்கி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டியிருந்தது.